கன்சோல் எமுலேஷன்: பழைய ஆட்டங்களைக் காக்கும் நுட்பமும் அதன் சவால்களும்

வீடியோ கேம் கன்சோல் எமுலேஷன் என்பது, ஒரு கன்சோலுக்காக எழுதப்பட்ட ஆட்டத்தை அந்தக் கன்சோல் இல்லாமலே வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ ஓட வைக்கும் முறை. ஆட்டத்தின் நிரலில் எதுவும் திருத்தப்படுவதில்லை. எந்தச் செயலி, எந்த நினைவகம், எந்தப் படச் சில்லு, எந்த ஒலிச் சில்லு இருக்கும் என்று எதிர்பார்த்து அந்த நிரல் எழுதப்பட்டதோ, அவை அனைத்தும் மென்பொருளாக உருவாக்கப்பட்டு அதன் முன் வைக்கப்படுகின்றன. இந்த மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். தனக்குரிய கன்சோலில்தான் ஓடுகிறோம் என்று நிரல் கொள்ளும் அளவுக்கு எமுலேட்டர் துல்லியமாக நடந்துகொள்ள வேண்டும்.

ஒரு கணினி இன்னொரு கணினியாக நடந்துகொள்ள முடியும் என்பதன் கணித அடிப்படையை ஆலன் டூரிங் 1936இல் வகுத்தார். எந்தக் கணிப்பு இயந்திரத்தின் விவரத்தைக் கொடுத்தாலும் அதைப் படித்து, அதைப் போலவே செயல்படும் பொது இயந்திரம் ஒன்று சாத்தியம் என்று அவர் காட்டினார். வணிகத்தில் இதைப் பெரிய அளவில் பயன்படுத்திய நிறுவனம் ஐபிஎம். 1964இல் அது அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் சில மாடல்கள், முந்தைய 1401 கணினிக்கு எழுதப்பட்ட நிரல்களையும் ஓட்டின. சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு என்று வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த நிரல்கள் புதுக் கணினி வந்ததும் வீணாகிவிடக் கூடாது என்பதே நோக்கம். முடிந்த உழைப்பைக் கைவிடாமல் காப்பது என்ற அந்த நோக்கம் இன்றுவரை எமுலேஷனின் மையமாக இருக்கிறது.

திருப்பூரில் தெரியும் முகம்

இதே நுட்பத்தின் இன்னொரு முகத்தைத் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் காணலாம். ராயபுரம், காதர்பேட்டை போன்ற பகுதிகளின் கடைகளில் தொங்கும் டி-சர்ட்டின் மார்பிலுள்ள சின்னமோ எழுத்தோ பெரும்பாலும் கணினி எம்ப்ராய்டரி இயந்திரத்தில் தைக்கப்பட்டதாக இருக்கும். தஜிமா, பருடான் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் பழைய இயந்திரங்கள், பஞ்சிங் செய்த (தையல் கட்டளைகளாக மாற்றிய) டிசைனை மூன்றரை அங்குல ஃப்ளாப்பியிலிருந்து படித்தன. இயந்திரத்தின் இரும்பும் மோட்டாரும் பல பத்தாண்டுகள் உழைக்கும், ஃப்ளாப்பி அப்படியல்ல. தூசியிலும் ஈரத்திலும் அது கெடும். புதிதாக வாங்கவும் வழி குறைந்துவிட்டது. ஃப்ளாப்பிச் சந்தையில் கடைசிவரை நின்ற சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்தியது.

இதற்குத் தீர்வாக வந்தது ஃப்ளாப்பி எமுலேட்டர். பழைய டிரைவ் இருந்த இடத்தில் அதே அளவில், அதே கேபிளில் பொருந்தும் சிறு பெட்டி அது. முன்பக்கம் பென்டிரைவ் செருகும் துளையும், எந்த ஃப்ளாப்பி தேர்வாகியுள்ளது என்று எண்ணில் காட்டும் சிறு திரையும், மாற்றுவதற்கு இரண்டு பொத்தான்களும் இருக்கும். உள்ளே சுழல்வதற்கு எதுவும் கிடையாது. ஆனால் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகை, நிமிடத்துக்கு 300 முறை சுழலும் ஒரு வட்டை எதிர்பார்க்கிறது. ஆகவே எமுலேட்டர் 200 மில்லிநொடிக்கு ஒரு முறை, வட்டு ஒரு சுற்று முடிந்தது என்ற துடிப்பை அனுப்புகிறது. படிமுனையை அடுத்த தடத்துக்கு நகர்த்து என்று கட்டளை வந்தால் நகர்ந்துவிட்டதாகப் பதில் சொல்கிறது. பென்டிரைவிலுள்ள கோப்பை, காந்தப் பரப்பிலிருந்து வரும் அலைவடிவமாக மாற்றி அதே வேகத்தில் கொடுக்கிறது. இயந்திரம் வேறுபாடு அறியாமல் தைக்கிறது.

எம்ப்ராய்டரி யூனிட்டில் இயந்திரம் இருக்கிறது, ஊடகம் போய்விட்டது. கன்சோல் எமுலேஷனில் நிலை தலைகீழ்: ஆட்டம் இருக்கிறது, இயந்திரம் போய்விட்டது. இரண்டுக்கும் விதி ஒன்றுதான். இல்லாமல் போன பகுதியின் பெரிய வேலைகளைச் செய்தால் மட்டும் போதாது. எத்தனை மில்லிநொடிக்கு ஒரு முறை துடித்தது என்பது போன்ற அதன் சிறு பழக்கங்களையும் திருப்பிச் செய்தாக வேண்டும். எமுலேஷனின் பெரும்பாலான சவால்கள் இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

காக்கப்பட வேண்டியவை எவை

கன்சோல் வரலாறு ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது, இந்தியாவில் காப்பதற்கு எதுவுமில்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியல்ல. இந்தியாவுக்கு இரண்டு தெளிவான அடுக்குகள் இருக்கின்றன.

முதலாவது 1990களின் ‘டிவி கேம்’. நிண்டெண்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் கன்சோலின் நகல்கள் லிட்டில் மாஸ்டர், மீடியா போன்ற பெயர்களில் இந்திய வீடுகளுக்கு வந்தன. மேரியோ, கான்ட்ரா, சர்க்கஸ் சார்லி, பேட்டில் சிட்டி ஆகிய ஆட்டங்களை ஒரு தலைமுறை இவற்றில்தான் ஆடியது. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாகப் பட்டியல் காட்டும். உண்மையில் சில ஆட்டங்களே சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பட்டியல் திரை, அதன் பின்னணி இசை, மாற்றப்பட்ட ஆட்டங்கள் எல்லாம் இன்று தனி வரலாற்றுச் சான்றுகள். அசல் நிறுவனங்களின் காப்பகத்தில் இவற்றுக்கு இடம் இல்லை, ஏனெனில் அவர்கள் இவற்றைத் தயாரிக்கவே இல்லை.

இரண்டாவது அடுக்கு, இந்தியாவிலேயே உருவான பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்கள். ஹைதராபாத்தின் அவுரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009இல் பிஎஸ்-2இல் வெளிவந்தது. இந்தியாவிலேயே முழுமையாக உருவாக்கப்பட்ட முதல் பிளேஸ்டேஷன் ஆட்டம் என்று அது அறிமுகப்படுத்தப்பட்டது. தெய்வத்தைப் பொத்தானால் இயக்குவது முறையா என்ற விவாதத்தையும் அது கிளப்பியது. அதே ஆண்டில் ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா நிறுவனம், கபடி, கில்லி முதலிய நாட்டு விளையாட்டுகளைக் கொண்ட ‘தேசி அட்டா’வை வெளியிட்டது. மும்பையின் ட்ரைன் கேம்ஸ் 2010இல் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’ ஆட்டத்தையும், 2011இல் ‘ரா.ஒன்’ படத்தின் பெயரிலான ஆட்டத்தையும் உருவாக்கியது. 2013இல் கேம்சாஸ்த்ராவின் ‘டான் 2’ வந்தது. பிஎஸ்-2 தயாரிப்பை சோனி நிறுத்துவதாக அறிவித்ததும் 2013 ஜனவரியில்தான். உலகின் மற்றப் பகுதிகள் அடுத்த கன்சோலுக்குப் போய்விட்ட பிறகும் இந்தியச் சந்தை பிஎஸ்-2ஐ விடாமல் பிடித்திருந்ததால், இந்த ஆட்டங்கள் அந்தக் கன்சோலின் கடைசி ஆண்டுகளில் பிறந்தன.

இவற்றில் சில மற்றக் கன்சோல்களிலும் வந்தன என்றாலும், பிஎஸ்-2 வடிவத்தை அப்படியே பார்க்க இன்று பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு: வேலை செய்யும் பழைய பிஎஸ்-2, அல்லது எமுலேட்டர். முதல் வழி ஆண்டுக்கு ஆண்டு குறுகுகிறது. வட்டைப் படிக்கும் லேசர் தேய்கிறது, மின்தேக்கிகள் கசிகின்றன, டிவிடியில் கீறல் விழுகிறது. உதிரி பாகம் தயாரிப்பவரும் இல்லை. கபடியை ஒரு இந்திய நிறுவனம் முதன்முதலாகப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுசென்றபோது எப்படி வடிவமைத்தது என்று நாளை ஒரு மாணவர் அறிய விரும்பினால், அவருக்கு எஞ்சப்போவது இரண்டாவது வழிதான்.

நோக்கங்கள்

எமுலேஷனின் முதல் நோக்கம் பாதுகாப்பு. ஒரு நூலை எடுத்துப் படிக்கக் கண் போதும். ஓர் ஆட்டத்தைப் பார்க்க அது ஓட வேண்டும். வட்டின் உள்ளடக்கத்தை வன்தட்டில் நகலெடுத்து வைப்பதோடு வேலை முடிவதில்லை. அந்த நகலை உயிர்ப்பிக்கும் எமுலேட்டர் இல்லையேல் அது பொருளற்ற எண் கோவைதான். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் கடையில் வாங்கக் கிடைக்காத நிலையில் இருந்தன. இணையக் கடைகளும் நிரந்தரமல்ல. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான கடைகளில் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது.

இரண்டாவது நோக்கம் ஆய்வு. எமுலேட்டரில் ஆட்டத்தை எந்தக் கணத்திலும் நிறுத்தலாம், நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், ஒரு நொடி பின்னே செல்லலாம். 40 கிலோபைட் அளவில் ஓர் உலகத்தையே அடக்கிய ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ போன்ற ஆட்டத்தின் கட்டுமானத்தை அலசுவது கணினி அறிவியல் மாணவருக்குப் பாடநூல் தராத பயிற்சி. எமுலேட்டர் எழுதுவதும் அப்படித்தான். ஒரு 8-பிட் செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதி முடிப்பவர், செயலி எப்படி வேலை செய்கிறது என்பதை முழுமையாகக் கற்றுவிடுகிறார்.

மூன்றாவது நோக்கம் அணுகல். பழைய கன்சோல் அரிதாகவும் விலை உயர்ந்தும் இருக்கும்போது, சாதாரணக் கைப்பேசி வைத்திருப்பவரும் அந்த ஆட்டத்தைத் தொட எமுலேட்டர் வழிவிடுகிறது. எந்த இடத்திலும் நிலையைச் சேமிப்பது, வேகத்தைக் குறைப்பது, பொத்தான்களை இடம் மாற்றுவது ஆகிய வசதிகள், கைகளை எளிதில் அசைக்க முடியாதவர்களும் ஆட உதவுகின்றன.

நான்காவது நோக்கம் வணிகம். நிண்டெண்டோ 2016இல் 30 ஆட்டங்களுடன் வெளியிட்ட சிறிய என்இஎஸ் (ஃபேமிகாமின் மேற்கத்திய வடிவம்) கருவிக்குள் இருந்தது பழைய சில்லுகள் அல்ல, ஒரு எமுலேட்டர். சோனி 2018இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக், ஆர்வலர்கள் உருவாக்கிய பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற திறமூல எமுலேட்டரையே பயன்படுத்தியது. பொழுதுபோக்காகத் தொடங்கிய உழைப்பு, கன்சோல் தயாரித்த நிறுவனத்துக்கே பின்னாளில் பயன்பட்டது என்பதற்கு இது தெளிவான சான்று.

நேரம் என்னும் சவால்

எமுலேஷனில் மிகக் கடினமானது கட்டளைகளைப் பின்பற்றுவது அல்ல, நேரத்தைப் பின்பற்றுவது. செயலி, படச் சில்லு, ஒலிச் சில்லு மூன்றும் கன்சோலில் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. எமுலேட்டரோ பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே அவற்றை ஓட்டுகிறது. யார் எந்தக் கணத்தில் எங்கே இருந்தார்கள் என்ற கணக்கு தவறினால் ஆட்டம் குலைந்துவிடும்.

‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ திரையின் மேற்பகுதியில் புள்ளி, காசு எண்ணிக்கை, நேரம் ஆகியவை அசையாமல் நிற்கும். கீழே காட்சி மட்டும் நகரும். ஃபேமிகாமின் படச் சில்லுக்குத் திரையின் ஒரு பகுதியை மட்டும் நிறுத்திவைக்கும் வசதி கிடையாது. நிரலாளர்கள் வேறு வழி கண்டார்கள். ‘ஸ்ப்ரைட்’ எனப்படும் நகரும் சிறு படங்களில் முதலாவது, பின்னணிப் படத்தின் புள்ளியோடு மோதும் கணத்தில் படச் சில்லு ஒரு கொடியை உயர்த்தும். மேலேயுள்ள காசுப் படத்தின் அடிப்பகுதியில் அந்த ஸ்ப்ரைட்டை மறைத்து வைத்தார்கள். திரையை மேலிருந்து கீழாக வரையும் கதிர் அந்தக் காசைத் தொட்டதும் கொடி உயரும். காத்திருக்கும் நிரல் உடனே நகர்வு எண்ணை மாற்றும். அதற்குக் கீழுள்ள காட்சி இடம்பெயர்ந்து வரையப்படும். ஒரு கோட்டை வரைய ஆகும் நேரத்தில் செயலிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 114 சுழற்சிகளே. இந்த மோதலைக் கணக்கிடாத எமுலேட்டரில், கொடி உயருமென்று காத்திருந்தே ஆட்டம் உறைந்துவிடும். தாமதமாகக் கணக்கிட்டால் திரையின் நடுவே ஒரு நடுக்கம் தெரியும்.

இந்தியாவில் விற்ற நகல் கருவிகள் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகின்றன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தைப் புதுப்பித்தது. இந்தியா பின்பற்றிய பிஏஎல் முறையில் அது 50 முறை. ஃபேமிகாம் ஆட்டங்கள் பலவும் ஒரு படத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் நகர்பவை. எனவே பிஏஎல் தொலைக்காட்சிக்கான நகல் கருவியில் மேரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார், இசையும் அப்படியே இழுத்து ஒலித்தது. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்குத் தயாரித்த அசல் கருவி செயலிக்கும் படச் சில்லுக்கும் இடையிலான வேக விகிதத்தையே 3லிருந்து 3.2 ஆக மாற்றியது. பல நகல் தயாரிப்பாளர்கள் விகிதத்தை மாற்றாமல், படம் முடிந்த பின் வெற்றுக் கோடுகளைச் சேர்த்து நேரத்தை நிரப்பினார்கள். அதனால் ஜப்பானிய ஆட்டங்கள் அவற்றில் சிதறாமல் ஓடின. ஒரே கன்சோலுக்கு இப்படி மூன்று நேரக் கணக்குகள் உண்டு. மெசென் போன்ற எமுலேட்டர்களில் மூன்றாவது கணக்குக்கு, ரஷ்யாவில் புகழ்பெற்ற நகல் கருவியின் பெயரான ‘டெண்டி’ என்ற தனி அமைப்பு இருக்கிறது. இந்திய வீடுகளில் ஆட்டம் எப்படி இருந்தது என்பதை மீட்க விரும்புபவர் 50 ஹெர்ட்ஸ் அமைப்புகளில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கிடைப்பது ஜப்பானின் நினைவு.

துல்லியமும் வேகமும்

எமுலேட்டர் எழுதுபவர் ஒவ்வொரு கட்டத்திலும் துல்லியத்துக்கும் வேகத்துக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. பழைய செயலியின் கட்டளையை ஒவ்வொன்றாகப் படித்து, பொருளறிந்து, செய்வது எளிய முறை, ஆனால் மெதுவானது. கட்டளைத் தொகுதியை ஓடும்போதே புதுச் செயலியின் மொழிக்கு மாற்றி வைத்துக்கொண்டு திரும்பப் பயன்படுத்துவது வேகமான முறை. ஆனால் நுண்ணிய நேரக் கணக்கு அதில் எளிதில் நழுவும்.

இன்னும் துணிச்சலான முறையும் உண்டு. 1999 ஜனவரியில் வெளிவந்த அல்ட்ராஎச்எல்இ என்ற எமுலேட்டர், அப்போது கடைகளில் விற்றுக்கொண்டிருந்த நிண்டெண்டோ 64இன் ஆட்டங்களையே சாதாரணக் கணினியில் ஓட்டிக் காட்டியது. சில்லு ஒவ்வொரு கட்டளையையும் எப்படிச் செய்கிறது என்று அது பின்பற்றவில்லை. ஆட்டம் கேட்பது ஒரு முக்கோணம் வரைவதா, ஓர் ஒலி எழுப்புவதா என்று இனங்கண்டு, அந்த விளைவை மட்டும் நேரடியாகத் தந்தது. வழக்கமான வழியில் கேட்கும் ஆட்டங்களுக்கு இது போதும். சில்லைத் தமக்கே உரிய வழியில் பயன்படுத்திய ஆட்டங்கள் இந்த முறையில் தோற்றன.

எதிர்த் துருவத்தில் நின்றது 2004இல் பியூ என்ற புனைபெயரில் ஒரு நிரலாளர் தொடங்கிய பிஎஸ்என்இஎஸ். சூப்பர் நிண்டெண்டோவின் ஒவ்வொரு சுழற்சியையும் பின்பற்றுவதே அதன் இலக்கு. 1990களின் தொடக்கத்துக் கருவி ஒன்றைப் போல நடந்துகொள்ள அதற்கு 2011இல் 3 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலான கணினி தேவைப்பட்டது. இத்தனை துல்லியம் வீண் என்று கருத முடியாது. ‘ஸ்பீடி கொன்சாலஸ்’ ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு பொத்தானைத் தொட்டதும், நிரல் எந்தச் சில்லும் இல்லாத நினைவக முகவரி ஒன்றைப் படிக்கிறது. அசல் கன்சோலில் அங்கே மின்தடத்தில் கடைசியாகப் போன எண்ணின் மிச்சம் கிடைக்கும், ஆட்டம் தொடரும். வெற்று முகவரிக்குச் சுழியம் என்று பதில் தந்த எமுலேட்டர்களில் அதே இடத்தில் ஆட்டம் நின்றது. வன்பொருளின் குறையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. எந்தக் குறையை எந்த ஆட்டம் நம்பியிருக்கிறது என்பது எழுதி வைக்கப்படாததால், எல்லாவற்றையும் பின்பற்றுவதே பாதுகாப்பு.

பிளேஸ்டேஷன் 2இன் கடினம்

இந்திய ஆட்டங்களின் இருப்பிடமான பிஎஸ்-2, எமுலேட்டர் எழுதுபவர்களுக்கு மிகக் கடினமான கன்சோல்களில் ஒன்று. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியான அதில் 294.9 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள எமோஷன் எஞ்சின் என்ற முதன்மைச் செயலி இருந்தது. அதனுடன் முப்பரிமாணக் கணக்குக்காக இரண்டு வெக்டர் அலகுகள், உள்ளீட்டு வேலைக்குப் பழைய பிளேஸ்டேஷனின் செயலி, 4 மெகாபைட் நினைவகத்தைத் தன்னுள்ளேயே கொண்ட படச் சில்லு, தனி ஒலிச் சில்லு. இவை அனைத்தும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பியபடி இணையாக ஓடின.

மிக நுண்ணிய சிக்கல் பின்ன எண்களில் ஒளிந்திருக்கிறது. இன்றைய கணினிகள் ஐஇஇஇ 754 என்ற தரத்தைப் பின்பற்றுகின்றன. அதில் ஒரு கணக்கின் விடை அளவு மீறினால் முடிவிலி என்ற சிறப்பு மதிப்பு வரும். பொருளற்ற கணக்குக்கு ‘எண் அல்ல’ என்ற மதிப்பு வரும். பிஎஸ்-2இல் இந்த இரண்டும் இல்லை. விடை அளவு மீறினால் இயலக்கூடிய மிகப்பெரிய எண்ணோடு அது நின்றுவிடும். கணக்கை முழுமையாக்கும் முறையும் வேறு. இந்த வேறுபாட்டால் ஒரு பாத்திரத்தின் கை திரையின் ஓரம்வரை நீளும், அல்லது எதிரி நடக்க மறந்து நிற்பான். 2000களின் தொடக்கத்திலிருந்து ஆர்வலர்கள் வளர்த்துவரும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டர் இதற்காகப் பல நிலைகளில் எண்களைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளை வைத்திருக்கிறது. வட்டின் வரிசை எண்ணைக் கொண்டு எந்த ஆட்டத்துக்கு எது தேவை என்று சொல்லும் தரவுத்தளமும் அதனுடன் வருகிறது. அத்தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆட்டத்தைப் பொறுமையாக ஆடி, குறையைக் கண்டு, அறிக்கை எழுதிய ஒருவரின் உழைப்பு இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஆட்டங்களைச் சோதிக்கப் பலர் உண்டு. இந்தியாவில் மட்டும் விற்ற ஆட்டத்தை இந்தியர்கள்தாம் சோதிக்க வேண்டும்.

ஊடகமும் கருவியும்

எமுலேட்டருக்கு உணவாகும் நகலும் சரியாக இருக்க வேண்டும். ஃபேமிகாம் கேசட் வெறும் நினைவகச் சில்லு அல்ல. பெரிய ஆட்டங்களின் கேசட்டில் நினைவகத்தின் பக்கங்களை மாற்றித் தரும் மேப்பர் என்ற சுற்றும் இருக்கும். 1990களின் பிற்பகுதியில் மராட் ஃபைசூலின் உருவாக்கிய ஐஎன்இஎஸ் கோப்பு வடிவம், எந்த மேப்பர் என்று சொல்ல எண் ஒன்றை வைத்தது. பின்னர் வந்த என்இஎஸ் 2.0 வடிவம் அந்த எண்ணின் எல்லையை 256லிருந்து 4096 ஆக விரித்தது. உரிமம் இல்லாமல் ஆசியாவெங்கும் தயாரான பல-ஆட்டக் கேசட்டுகளின் விதவிதமான சுற்றுகளே இந்த விரிவைத் தேவையாக்கிய காரணங்களில் ஒன்று. வட்டுகளுக்கு வேறு கவலை: ஒருவர் எடுத்த நகல் பிழையற்றதா என்று அறிய, வெவ்வேறு வட்டுகளிலிருந்து எடுத்த நகல்களின் ஹாஷ் மதிப்புகள் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்கள்) ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். ஒரே ஒரு பிரதி மட்டும் கிடைத்தால் இந்தச் சோதனை இயலாது.

கருவிகள் தரும் அனுபவமும் எளிதில் திரும்பாது. வாத்து சுடும் துப்பாக்கி, பழைய குழல் தொலைக்காட்சியின் ஒளி மின்னும் கணத்தைக் கண்டு வேலை செய்தது. எல்சிடி திரையில் அது குருடாகிவிடும். எமுலேட்டரில் அதன் இடத்தை மவுஸ் எடுத்துக்கொள்கிறது. குழல் தொலைக்காட்சியில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகத் தெரிந்ததை நம்பியே பல ஓவியங்கள் வரையப்பட்டன. தெளிவான திரையில் அவை கட்டம் கட்டமாகத் தெரிவதால், பழைய திரையின் கோடுகளையும் வளைவையும்கூட எமுலேட்டர்கள் வரைகின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது

எமுலேட்டர் எழுதுவது வேறு, ஆட்டத்தை உரிமையின்றிப் பரப்புவது வேறு. அமெரிக்காவில் கனெக்டிக்ஸ் நிறுவனம் மேக் கணினிக்குப் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் விற்றபோது சோனி வழக்குத் தொடர்ந்தது. கன்சோலின் பயோஸ் நிரலை ஆராய்ந்து, அதன் செயலைப் புதிதாக எழுதுவது நியாயமான பயன்பாடே என்று 2000 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லை எங்கே இருக்கிறது என்பதை இன்னொரு நிகழ்வு காட்டுகிறது. விற்பனையில் இருந்த ஸ்விட்ச் கன்சோலின் பூட்டை உடைக்க உதவியதாக யூசு எமுலேட்டர் மீது நிண்டெண்டோ 2024 பிப்ரவரியில் வழக்குத் தொடர்ந்தது. அடுத்த மாதமே 24 லட்சம் டாலர் உடன்பாட்டுடன் அந்தத் திட்டம் மூடப்பட்டது. நூலகங்கள் பழைய ஆட்டங்களை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து திறந்துவிட அனுமதி கேட்டதும் அமெரிக்காவில் 2024 அக்டோபரில் மறுக்கப்பட்டது.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சில இடங்களில் தாராளமானது. அதன் 52ஆம் பிரிவு, சட்டப்படி வைத்திருக்கும் மென்பொருள் அழிந்துபோகாமல் இருக்கக் காப்பு நகல் எடுப்பதையும், பிற நிரல்களோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை ஆராய்ந்து பெறுவதையும், ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துச் சோதிப்பதையும், சொந்தமாக முறைப்படி பெற்ற பிரதியிலிருந்து வணிக நோக்கின்றித் தன் பயன்பாட்டுக்கு நகலெடுப்பதையும் அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. ஆகவே தன்னிடமுள்ள வட்டிலிருந்து தானே நகலெடுத்து எமுலேட்டரில் ஆடுபவருக்கும், இணையத்தில் ஆயிரம் ஆட்டங்களை இறக்கிக்கொள்பவருக்கும், அவற்றை மெமரி கார்டில் ஏற்றி விற்பவருக்கும் சட்டத்தின் முன் ஒரே நிலை இல்லை.

நிறுவன அளவில்தான் இடைவெளி பெரிது. வணிக நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்கலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் படைப்பின் மின்வடிவமற்ற பிரதி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிறப்பிலேயே மின்வடிவான ஆட்டத்துக்கு அப்படி ஒரு பிரதி இருக்க வாய்ப்பே இல்லை. இந்தியாவில் அச்சாகும் நூலின் பிரதி, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போய்ச் சேர்கிறது. திரைப்படத்துக்கென்று புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் பேசுவதோ நூல்களையும் இதழ்களையும் பற்றி மட்டுமே.

செய்யக்கூடியவை

இந்தியக் கன்சோல் ஆட்டங்களைக் காக்கும் பணி பெரும் பொருட்செலவைக் கோருவதல்ல. எண்ணிக்கை குறைவு என்பதே இதில் சாதகம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குறைந்தது இரண்டு வட்டுகளிலிருந்து நகலெடுத்து ஒப்பிட வேண்டும். உறை, கையேடு, விளம்பரம் ஆகியவற்றை ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த நகல் எந்த எமுலேட்டரின் எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில், எங்கே குறையுடன் ஓடுகிறது என்று பதிவு செய்ய வேண்டும். ஒரு பழைய பிஎஸ்-2ஐயும் குழல் தொலைக்காட்சியையும் ஒப்பீட்டுக்கென வேலை செய்யும் நிலையில் வைத்திருக்க வேண்டும். எமுலேட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதை அசலோடு ஒப்பிடாமல் சொல்ல முடியாது. அசல் முற்றிலும் மறைந்தபின் அந்தச் சோதனைக்கே வழியிருக்காது. பல-ஆட்டக் கேசட்டுகளை வீட்டுப் பரண்களிலிருந்தும் பழைய பொருள் கடைகளிலிருந்தும் திரட்டி, அவற்றின் சுற்றுகளைப் படமெடுத்து, நகலெடுக்க வேண்டும். ஆட்டங்களை உருவாக்கிய நிரலாளர்களும் ஓவியர்களும் இன்னும் தொழிலில் இருக்கும் வயதினர். அவர்களிடம் மூலநிரலும் வடிவமைப்புக் குறிப்புகளும் எஞ்சியிருந்தால் இப்போது கேட்டுப் பெறுவதே எளிது.

இவற்றைச் செய்யும் திறன் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் இருக்கிறது. ஓர் 8-பிட் எமுலேட்டர் எழுதுவது இறுதியாண்டு மாணவர் குழு ஒன்றின் திட்டப்பணிக்குச் சரியான அளவு. நூலகத்துக்கான 52ஆம் பிரிவின் நிபந்தனையை, பிறப்பிலேயே மின்வடிவான படைப்புகளையும் உள்ளடக்கும்படி திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அந்தத் திருத்தத்தால் ஆட்டங்கள் மட்டும் பயன்பெறாது. 1980களில் டாஸ் கணினிகளுக்காக எழுதப்பட்ட ஆதமி போன்ற தமிழ்ச் சொற்செயலிகள், பள்ளிகளுக்கென வெளியான பாடக் குறுந்தகடுகள், பழைய எம்ப்ராய்டரி டிசைன் மென்பொருள்கள் எல்லாம் இதே வழியில் காக்கப்பட வேண்டியவை. எமுலேஷனுக்குத் தேவையான நுட்பம் பெருமளவு உருவாகிவிட்டது, திறமூலமாகவும் கிடைக்கிறது. இந்தியாவில் உருவான ஆட்டங்களுக்கு அதைப் பயன்படுத்தும் பொறுப்பை, வட்டுகளும் அவற்றை அறிந்தவர்களும் இருக்கும் காலத்திலேயே ஒரு நூலகமோ பல்கலைக்கழகமோ ஏற்றுக்கொள்ள வேண்டும்.